நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

லேசர் பட்டதும் உடலின் திசுக்கள் தாமாகவே ஒளிர்கின்றன. அந்த மங்கிய ஒளியில் புற்றுநோயின் ஆரம்பத்தைப் படிக்கும் வித்தையை இந்தூரிலும் திருவனந்தபுரத்திலும் விஞ்ஞானிகள் வசப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் கருவிக்கு முன்னால் உரிய நேரத்தில் யார் வாயைத் திறக்கப்போகிறார்கள்?

விளக்குகள் அணைக்கப்பட்ட அறை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயை அகலத் திறக்கிறார். பேனா தடிமனுள்ள ஒரு குழாயின் நுனி அவருடைய கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி துடிப்புத் துடிப்பாகப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை, சாயம் பூசவில்லை, வலியும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு எழும்புகிறது. குழாய் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டுக்கு நகர்கிறது. இப்போது எழும் கோட்டின் உருவம் வேறு மாதிரி இருக்கிறது.

இந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. மனித உடலின் ஒவ்வொரு திசுவும், சரியான நிறத்தில் ஒளி பட்டால், பதிலுக்குத் தானும் மங்கலாக ஒளிர்கிறது. ஆரோக்கியமான திசு ஒரு விதமாக, நோயின் பிடியில் சிக்கத் தொடங்கிய திசு வேறு விதமாக. இந்த இயற்கை ஒளிர்வைப் பிடித்துப் படமாகவும் கோடாகவும் மாற்றினால், கண்ணுக்குப் புலப்படாத கட்டத்திலேயே புற்றுநோயை மடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் 40 ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள். அந்த வரிசையில் இந்தியர்களுக்கும் முக்கிய இடம் உண்டு.

காரணம் வெளிப்படை. புகையிலையும் குட்காவும் வெற்றிலைப் பாக்கும் புழங்கும் இந்தியா, வாய்ப் புற்றுநோயின் தலைநகரங்களில் ஒன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீட்டின்படி 2020-ல் மட்டும் இங்கே சுமார் 1,35,000 பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 75,000 பேர் இறந்தார்கள். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், நுரையீரல் போலவோ கணையம் போலவோ வாய் ஒளிந்திருக்கும் உறுப்பு அல்ல. கண்ணாடி முன் நின்று திறந்தாலே தெரியும். ஆனாலும் பெரும்பாலான நோயாளிகள் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைப் படியேறுகிறார்கள்.

எந்த இடத்தில் வெட்டுவது?

சீக்கிரமே வந்துவிட்டாலும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. நெடுநாளாகப் புகையிலை போடுபவரின் வாயில் வெள்ளைத் திட்டுகள், சிவப்புத் திட்டுகள், தழும்புகள், கறை எல்லாம் கலந்து கிடக்கும். பெரும்பாலான வெள்ளைத் திட்டுகள் கடைசிவரை சாதுவாகவே இருந்துவிடும். சில மட்டும் புற்றுநோயாக மாறும். எது மாறும் என்று வெறும் கண்ணால் சொல்வது அனுபவசாலி டாக்டருக்கும் கஷ்டம்.

உறுதியான பதில் வேண்டுமென்றால் பயாப்ஸிதான். திட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய திட்டில் எந்த மூலையில் வெட்டுவது? ஒரு ஓரத்தில் நோய் இருந்து இன்னொரு ஓரத்தில் வெட்டினால் முடிவு தவறாக வரும். எல்லா இடத்திலும் வெட்டவும் முடியாது. வலிக்குப் பயந்தே பலர் திரும்பி வராமல் போய்விடுகிறார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். தினக்கூலிக்குப் போகும் கிராமவாசிக்கு அந்த இரண்டாவது பஸ் பயணமே சுமை. தொட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் ஒளிக்கருவி டாக்டர்களைக் கவர்வதற்கு இதுதான் காரணம்.

கமிஷன் பிடிக்கும் மூலக்கூறுகள்

ஒளிர்வு ஒன்றும் அபூர்வமான விஷயம் அல்ல. கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். இருட்டில் அதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் சாறு சிவப்பாக ஒளிரும். கொய்னா கலந்த டானிக் வாட்டர் நீலமாக மின்னும். ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்க்க வங்கிகளில் புற ஊதா விளக்கின் கீழே நீட்டுவதும் இதே தத்துவம்தான்.

இந்தப் பொருட்களின் மூலக்கூறுகள் ஒளியை விழுங்கி, அதில் ஒரு பகுதியை வெப்பமாகச் செலவழித்துவிட்டு, மிச்சத்தை ஆற்றல் குறைந்த ஒளியாக வெளியே விடுகின்றன. நூறு ரூபாய் கொடுத்தால் கமிஷன் பிடித்துக்கொண்டு எண்பது ரூபாய் திருப்பித் தரும் தரகர் மாதிரி. ஊதா போனால் நீலமோ பச்சையோ திரும்பி வரும். பச்சை போனால் சிவப்பு. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-ல் இதற்கு ஃப்ளோரசென்ஸ் என்று பெயர் வைத்தார்.

உடலிலும் இப்படிப்பட்ட தரகர்கள் நிறைய. தோலுக்கும் சவ்வுகளுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம், 340 நானோமீட்டர் அளவிலான புற ஊதா பட்டால் 400 நானோமீட்டரை ஒட்டி ஊதா நிறத்தில் ஒளிர்கிறது. உயிரணுக்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கப் பயன்படுத்தும் என்.ஏ.டி.எச். என்ற பொருள் 450, 460 நானோமீட்டர் பக்கம் நீலமாக ஒளிர்கிறது. அதன் கூட்டாளியான எஃப்.ஏ.டி. பச்சையைத் தருகிறது. ரத்தச் சிவப்பணுவின் நிறத்துக்கு அடிப்படையான போர்ஃபிரின் வகைப் பொருட்கள் 635 நானோமீட்டரில் சிவப்பைக் கொடுக்கின்றன.

புற்றுநோய் தொடங்கும்போது இந்தக் கணக்கு முழுவதும் குழம்புகிறது. வேகமாகப் பெருகும் அணுக்களால் மேல்தோல் தடிக்கிறது. அதனால் அடியில் இருக்கும் கொலாஜனுக்கு ஒளி சரியாகப் போய்ச் சேராது. கொலாஜன் வலையையே நோய் அணுக்கள் சுரக்கும் என்ஸைம்கள் அரிக்கின்றன. அணுக்களின் சமையல் முறை மாறுவதால் என்.ஏ.டி.எச்.சுக்கும் எஃப்.ஏ.டி.க்கும் உள்ள விகிதம் மாறுகிறது. புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின் வெளியே வரும் ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது. எல்லாம் சேர்ந்து, நீல ஒளியின் கீழ் நல்ல திசு பளிச்சென்று பச்சையாகத் தெரிய, நோயுற்ற இடம் இருண்ட திட்டாகக் காட்சியளிக்கிறது. டாக்டரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிந்த இடத்தில்தான் இந்த வேறுபாடு.

விளக்கிலிருந்து லேசருக்கு

பிரான்ஸில் போலிகார் என்ற விஞ்ஞானி 1924-லேயே புற ஊதா விளக்கின் கீழ் சில கட்டிகள் சிவப்பாக ஒளிர்வதைக் கவனித்தார். ஆனால் சாதாரண விளக்கை வைத்துக்கொண்டு மேலே செல்ல முடியவில்லை. திசு திருப்பித் தரும் ஒளி மிக மிக மங்கலானது. விளக்கிலிருந்து தெறிக்கும் பல நிற ஒளியில் அது அமுங்கிப்போய்விடும். ஒரே நிறத்தில், ஒரே திசையில், தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் அடங்கிப் பாயும் ஒளி தேவைப்பட்டது. 1960-ல் பிறந்த லேசர் அதைக் கொடுத்தது.

நியூயார்க் சிட்டி காலேஜில் ராபர்ட் அல்ஃபானோ குழு 1984-ல் சாயம் எதுவும் ஏற்றாமல், லேசர் தூண்டிய இயற்கை ஒளிர்வைக் கொண்டே நல்ல திசுவையும் புற்றுநோய்த் திசுவையும் பிரித்துக் காட்டியது. 1987-ல் மனித மார்பக, நுரையீரல் திசுக்களிலும் அதைச் செய்தது. அந்தக் குழுவில் இருந்த அஸிமா பிரதான் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.யில் கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒளியால் கண்டறியும் ஆராய்ச்சியை வளர்த்தார்.

கோடுகளைப் படிப்பது ஒரு வழி. முழுப் படமாகப் பார்ப்பது இன்னொரு வழி. கனடாவின் வான்கூவரில் ஸ்டீபன் லாம், பிராங்கோ பால்சிக் இருவரும் இரண்டாவது வழியில் போனார்கள். நுரையீரல் குழாய்க்குள் செலுத்தும் எண்டாஸ்கோப்பில் 442 நானோமீட்டர் நீல லேசரை இணைத்து, திரும்பி வரும் பச்சையையும் சிவப்பையும் தனித்தனி காமிராக்களில் பிடித்து, ஒரே படமாகத் திரையில் காட்டினார்கள். நல்ல சவ்வு பச்சை. சந்தேகத்துக்குரிய இடம் செம்பழுப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996-ல் இதற்கு அனுமதி அளித்தது. 1998-ல் வெளியான ஆய்வில், வெள்ளை ஒளியோடு இதையும் சேர்த்துப் பார்த்தபோது, புற்றுநோயாக ஊடுருவும் முன்பே இருக்கும் ஆரம்பத் திட்டுகள் 6 மடங்குக்கு மேல் கூடுதலாகச் சிக்கின. கூடவே ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. சிவப்பாகத் தெரிந்த இடங்களில் பெரும்பகுதி பயாப்ஸியில் ஆபத்தற்றவை என்று வந்தது.

இந்தூரின் காற்று லேசர்

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் அணுசக்தித் துறை 1984-ல் உயர்தொழில்நுட்ப மையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டியது. லேசரும் துகள்முடுக்கியும் அதன் துறைகள். 2005-ல் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே பி.கே. குப்தா தலைமையிலான குழு மருத்துவ லேசரைக் கையில் எடுத்தபோது தேர்ந்தெடுத்தது நைட்ரஜன் லேசரை. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். விலை குறைவு. உள்நாட்டிலேயே கட்டிவிடலாம். அது தரும் 337 நானோமீட்டர் ஒளி கொலாஜனையும் என்.ஏ.டி.எச்.சையும் ஒன்றாகத் தட்டி எழுப்பும்.

முதலில் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த திசுக்களில் சோதனை. மார்பகப் புற்றுநோய் பற்றிய முடிவுகள் 1997-ல் வெளியாயின. நல்ல திசுவையும் நோய்த் திசுவையும் ஒளிர்வுக் கோடு மிகப் பெரும்பாலும் சரியாகவே பிரித்துக் காட்டியது. அடுத்தது வாய். கண்ணாடி இழைக் குழாயை நோயாளிகளின் வாயில் வைத்து அளக்கும் கருவி தயாரானது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்களும் கைகோத்தார்கள். நூற்றுக்கணக்கான கோடுகளைக் கண்ணால் ஒப்பிட முடியாது என்பதால், எது நல்லது எது கெட்டது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் கணித முறைகளை எஸ்.கே. மஜும்தாரும் சகாக்களும் உருவாக்கினார்கள். இந்த உழைப்பின் தொடர்ச்சியாக வந்ததுதான், முகாம்களுக்குத் தூக்கிச் செல்லக்கூடிய ‘ஆங்கோடயக்னாஸ்கோப்’ என்ற கருவி.

திருவனந்தபுரத்தில் கதை வேறு துறையிலிருந்து ஆரம்பித்தது. புவி அறிவியல் ஆய்வு மையத்தில் லேசர் ஒளிர்வை ஆராய்ந்த சுபாஷ் நாராயணன் குழு, அரசு பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து 404 நானோமீட்டர் டையோடு லேசரால் வாய்த் திசுக்களைச் சோதித்தது. ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குவதால் கோட்டில் விழும் பள்ளங்களே நோயின் கட்டத்தைச் சொல்லும் அடையாளம் என்று 2008-ல் அறிவித்தது. பிறகு, புள்ளி புள்ளியாகத் தொடும் குழாயை விட்டுவிட்டு, வாயின் உட்புறத்தை ஒரேயடியாகப் படம் பிடிக்கும் ‘ஓரல்ஸ்கேன்’ காமிரா உருவானது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் 2020-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லேசருக்குப் பதிலாக அதில் இருப்பவை எல்.இ.டி. விளக்குகள். லேசர் பாதையைக் காட்டியது. மலிவான விளக்கு அந்தப் பாதையில் நடந்தது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறை இன்னொரு பக்கம் போனது. வாய்ப் புற்றுநோயாளிகளின் ரத்தத் திரவத்திலேயே இயற்கை ஒளிர்வு மாறுகிறதா என்று ஆராய்ந்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டது.

பாக்கு செய்யும் குழப்பம்

இவ்வளவு இருந்தும் ஊர்தோறும் இந்தக் கருவிகள் வந்துவிடவில்லையே, ஏன்? ஒளி பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வதற்குப் பல அர்த்தங்கள் உண்டு.

இருண்ட திட்டு என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பல் கடித்த புண், கூர்மையான பல் உராய்ந்த இடம், சாதாரண அழற்சி எல்லாவற்றிலும் ரத்தம் கூடுவதால் இருளாகவே தெரியும். சிவப்பு ஒளி தெரிந்தால் பதற வேண்டியதில்லை. பல்லில் படியும் அழுக்கில் வாழும் பாக்டீரியாக்களும் போர்ஃபிரினைத் தயாரிக்கின்றன. வெற்றிலைக் கறையோ ஒளியையே மறைத்துவிடும்.

இந்தியாவுக்கென்றே ஒரு சிக்கல் வேறு. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உள்சவ்வு நார்போல இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோய் ஒன்று உண்டு. அதுவும் புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடியது. இதில் கொலாஜன் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அதனால் ஒளிர்வும் கூடுகிறது. இருட்டைத் தேடும் கருவிக்கு இந்த ஆபத்து வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றும். திருவனந்தபுரம் டாக்டர்களின் ஆய்வுகள் இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கின்றன. மேல்நாட்டில் சிகரெட் பிடிப்பவர்களிடம் சரிபார்த்த கருவியை இங்கே பாக்குப் போடுபவரின் வாயில் அப்படியே நம்பிவிட முடியாது. இந்திய வாய்களுக்கான அளவுகோலை இந்தியாவில்தான் உருவாக்க வேண்டும். இந்தூரிலும் திருவனந்தபுரத்திலும் ஆண்டுக்கணக்கில் நடந்த அளவீடுகளுக்கு மதிப்பு அங்கேதான்.

அறுவை சிகிச்சை மேஜையிலும் ஒரு பாடம் கிடைத்தது. வான்கூவர் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப் புற்றுநோய்க் கட்டியின் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியேயும் ஒளிர்வு இழந்த பகுதி பரவியிருந்தது. சில இடங்களில் 25 மில்லிமீட்டர் வரைகூட. அந்த எல்லையைப் பார்த்து வெட்டினால் நோய் திரும்பாது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. கனடாவின் பல மருத்துவமனைகளில் 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: ஒளியைப் பார்த்து வெட்டியவர்களுக்கும் வழக்கமான முறையில் வெட்டியவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. கூடுதலாகப் பார்ப்பது வேறு, கூடுதலாகக் காப்பாற்றுவது வேறு என்பதை அந்தச் சோதனை உணர்த்தியது.

கண்ணுக்குள் வென்ற ஒளி

இதே ஒளிர்வு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேரூன்றிய இடம் ஒன்று உண்டு. அது கண். விழித்திரையின் அடியில் வயதோடு சேரும் லிப்போஃபஸ்கின் என்ற கழிவுப் பொருள் நீல லேசர் பட்டால் ஒளிர்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள் 1995-ல் லேசர் ஸ்கேனர் மூலம் இதைப் படமாக எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். எங்கே பளிச்சென்று தெரிகிறதோ அங்கே செல்கள் திணறுகின்றன. எங்கே கருத்திருக்கிறதோ அங்கே அவை செத்துவிட்டன. வயதானவர்களின் பார்வையைப் பறிக்கும் நோய் எந்த வேகத்தில் பரவுகிறது என்பதைக் கண்காணிக்க இந்தியாவின் பெரிய கண் மருத்துவமனைகளிலும் இந்தப் படம் எடுக்கப்படுகிறது. கண்ணில் வெற்றிலைக் கறை கிடையாது, பாக்டீரியா அழுக்கும் கிடையாது. ஒளி நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிறது. வாய் அவ்வளவு சுத்தமான களம் அல்ல.

டார்ச் விளக்கின் சாட்சி

ஒளிர்வுக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சோதனை ஒன்று கேரளத்தில் நடந்திருக்கிறது. அதில் லேசரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 1996 முதல் 2004 வரை திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில், 35 வயதைக் கடந்த சுமார் 1,90,000 பேரை வைத்து ஆர். சங்கரநாராயணன் குழு இதை நடத்தியது. பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. சந்தேகம் வந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மற்றப் பகுதிகளில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள்.

2005-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் 34 சதவிகிதம் குறைந்திருந்தன. உயிரைக் காப்பாற்றியதாக நிரூபிக்கப்பட்ட முறை இதுவரை அதுதான்: ஒருவர் தேடிப்போய் இன்னொருவரின் வாயைப் பார்ப்பது. இந்த அடிப்படையில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல், 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே செய்ய வழிகாட்டியது. எழுத்தில் இருக்கும் அந்தத் திட்டம் எத்தனை வாய்களை எட்டுகிறது என்பதில்தான் பலன்.

அப்படியானால் லேசரின் வேலை என்ன? கிராமத்துச் செவிலியர் பத்து வாய்களில் வெள்ளைத் திட்டைப் பார்க்கிறார். பத்துப் பேரையும் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்கு அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள். அந்தப் பத்தில் எந்த இரண்டு உடனடி ஆபத்து, அந்த இரண்டிலும் எந்த ஓரத்தில் வெட்ட வேண்டும் என்று ஒளி சொல்ல முடிந்தால், அலைச்சல் குறையும். பயாப்ஸி தவறிப் போவதும் குறையும். தீர்ப்புச் சொல்வது அப்போதும் மைக்ராஸ்கோப்புதான். ஒளி அதற்கு வழிகாட்டும் சாட்சி. லட்சங்களில் இருக்கும் கருவியின் விலை இறங்குவதும், மாவட்ட மருத்துவமனைகள் அதை வாங்குவதும், அதன் பலன் நகரத்து ஆய்வகத்துக்கு வெளியேயும் நிரூபிக்கப்படுவதும் இனி நடக்க வேண்டியவை.

அதுவரை டாக்டர்கள் சொல்லும் யோசனை எளிமையானது. புகையிலை, குட்கா, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், தேய்த்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இருட்டறையில் லேசர் எழுப்பும் ஒளி, அந்த வலியற்ற நாட்களைத்தான் படிக்கப் பார்க்கிறது. அதன் முன்னால் வந்து உட்கார வேண்டியவர் இன்னும் கடை வாசலில் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.